ஆசியாவிலேயே பெரிய யூஸ்டு டு

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் பேச்சு இரண்டே வகைதான். ஒன்று ‘அப்பல்லாம் இங்க…’ என்று தொடங்கும். இன்னொன்று ‘அதுக்கு இது எவ்வளவோ தேவலை’ என்று முடியும். முதலாவதை இங்கிலீஷ் இலக்கணத்தில் ‘யூஸ்டு டு’ என்பார்கள், விட்டுப்போன பழக்கத்தைச் சொல்வது. இரண்டாவது ‘டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்’, ஒன்றோடு ஒன்றை நிறுத்துக் கூட்டிக் குறைத்துச் சொல்வது. பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரைக்கும், தெற்கே பூந்தமல்லி வரைக்கும் குடியிருக்கிற ஜனங்களுக்கு இந்த இரண்டு பாடம் போதும். மிச்ச இலக்கணத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. வீட்டுமனை விலை பேசும்போது மட்டும் ‘அன்னிக்கே ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருந்தா’ என்று ‘இஃப் கண்டிஷன்’ கொஞ்சம் தேவைப்படும்.

எங்கள் பெரிய ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் – திருவள்ளூர் ஹை ரோடு, சுருக்கமாக எம்.டி.எச். ரோடு. 1996இல் மெட்ராஸ் சென்னையானதும் எம் போய் சி வந்திருக்க வேண்டும். பாடி, அம்பத்தூர்க் கடைக்காரர்கள் போர்டில் இன்னும் எம்.டி.எச்.சை விடவில்லை. திருமுல்லைவாயல், ஆவடி என்று மேற்கே போகப் போக போர்டெல்லாம் சி.டி.எச். ஆகிவிடும். ஒரே தார், ஒரே பள்ளம், ஒரே தண்ணி லாரி. கிழக்குப் பாதி ‘யூஸ்டு டு’வில் ஓடுகிறது, மேற்குப் பாதி நிகழ்காலத்தில் ஓடுகிறது. கூரியர்காரருக்குத்தான் கஷ்டம்.

நான் ஹைஸ்கூல் படித்தது 1970களில். அப்பாவுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை. ஒப்பீட்டை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். ‘எதிர்வீட்டுப் பையனும் உன்ன மாதிரி சோறுதான தின்றான்?’ இந்த ஒரு வாக்கியத்தில் பாசிட்டிவ், கம்பேரிட்டிவ் இரண்டும் இருக்கிறது. சோற்றில் சமம், மார்க்கில் அவன் மேல். பிறகு பள்ளிக்கூடத்தில் அதையே நடத்தியபோது புதிதாக ஒன்றும் இருக்கவில்லை, இங்கிலீஷ் மட்டும் கூடுதல்.

எங்கள் இங்கிலீஷ் சார் கரும்பலகையை இரண்டு கோடு போட்டு மூன்றாகப் பிரிப்பார். வலது ஓரத்தில் ‘ராமா இஸ் தி டாலஸ்ட் பாய் இன் தி கிளாஸ்’. நடுவில் ‘ராமா இஸ் டாலர் தேன் எனி அதர் பாய்’. இடது ஓரத்தில் ‘நோ அதர் பாய் இஸ் ஆஸ் டால் ஆஸ் ராமா’. மூன்றுக்கும் அர்த்தம் ஒன்று. அர்த்தம் ஒரு நூல் பிசகினாலும் மார்க் போச்சு. இதற்குப் பெயர் டிரான்ஸ்ஃபர்மேஷன். வாக்கியம் தலைகீழாகப் புரளும், ராமா இருந்த இடத்திலேயே அதே உயரத்தில் நிற்பான். அவன் யார், நிஜமாகவே உயரமா, வகுப்பில் எந்த பெஞ்ச் என்று யாரும் கேட்டதில்லை. சாரும் அர்த்தத்தில் அதிகம் தங்கமாட்டார். ‘நோ அதர் பாத்தா ரெண்டு ஆஸ் போடு. எனி அதர் பாத்தா தேன் போடு. தி பாத்தா எஸ்ட் போடு. போட்டுட்டே போ, யோசிக்காதே.’ யோசித்தவன் ஃபெயிலானான். போட்டுக்கொண்டே போன நாங்களெல்லாம் தேறினோம்.

‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ மாதிரி லத்தீன் வழி வந்த சொற்களுக்குத் ‘தேன்’ ஆகாது, ‘டு’தான் போடவேண்டும் என்பது மட்டும் எனக்கு அப்பா புண்ணியத்தில் முன்பே வந்துவிட்டது. அவர் ‘அவன் எனக்கு ஆறு மாசம் சீனியர்’ என்பார். ‘என்னைவிட சீனியர்’ என்று அந்த ஷாப்பில் யாருமே சொல்லமாட்டார்கள். இன்கிரிமென்ட்டும் பிரமோஷனும் சீனியாரிட்டி லிஸ்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த காலம். அதில் தப்பாகப் பேச யாருக்கும் வசதி இருக்கவில்லை.

இங்கிலீஷ் சொல்லித்தர இந்த மாநிலம் பட்ட பாட்டைத் தனிப் புத்தகமாகவே எழுதலாம். 1950களின் கடைசியில் பிரிட்டிஷ் கவுன்சில் கைகொடுக்க, அன்றைய சென்னை ராஜ்யத்தில் ஒரு பெரிய பயிற்சி இயக்கம் நடந்தது. சுமார் 27,000 ஆசிரியர்களுக்குப் புது முறையில் இங்கிலீஷ் நடத்தக் கற்றுத்தருவது திட்டம். முதலில் கொஞ்சம் பேர் பயிற்சி எடுப்பார்கள். அவர்கள் தங்கள் வட்டாரத்துக்குத் திரும்பி மற்றவர்களுக்கு எடுப்பார்கள். உருள உருளப் பெருகும் என்பதால் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றே பெயர் விழுந்தது. பனியைக் கண்ணால் பார்க்காத ஊருக்குப் பனிப்பந்து. அது உருண்டு உருண்டு எங்கள் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்துசேரும்போது மிச்சமிருந்தது இவ்வளவுதான்: சார் பேனாவைத் தூக்கிப் பிடித்து ‘திஸ் இஸ் எ பென்’ என்பார், ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி ‘தட் இஸ் எ ட்ரீ’ என்பார், நாங்களும் கோரஸாகச் சொல்வோம். பரீட்சை நெருங்கியதும் பேனா சட்டைப்பைக்குப் போய்விடும், மேஜைமேல் ரென் அண்டு மார்ட்டின் வந்து உட்கார்ந்துவிடும். அந்த ரென் துரை பம்பாய்ப் பக்கம் கல்வி இலாகாவில் வேலை பார்த்தவர். பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து சாகச நாவல் எழுதிப் பேர் வாங்கியவரும் அவர்தான். நாவலை எத்தனை பேர் படித்தார்களோ, இலக்கணத்தை நாங்கள் படித்தே ஆகவேண்டியிருந்தது.

1978இல் தமிழ்நாட்டுக்கு ப்ளஸ் டூ வந்தது. நாங்கள் அதைக் கடந்து வெளியே வருவதற்குள், 1979இல், என்.எஸ். பிரபு என்பவர் வேறொரு காரியத்தில் இறங்கினார். பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் இருந்தவர். இலக்கணத்தைச் சொல்லித்தரவே வேண்டாம், கையிலிருக்கும் வேலையில் பிள்ளைகளின் புத்தி முழுசாகப் பதிந்தால் மொழி தன்னால் உள்ளே இறங்கும் என்பது அவர் வாதம். 1984 வரைக்கும் பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில சாதாரணப் பள்ளிகளில் நடத்தியே காட்டினார். ரயில் அட்டவணையைக் கையில் கொடுத்து, எந்த வண்டி முந்தும், எது பிந்தும், எதில் ஏறினால் வேளைக்குப் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொல்வது அவர் வகுப்பில் ஒரு பயிற்சி. ‘பெங்களூர் ப்ராஜெக்ட்’ என்று உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம்தான். அதே பயிற்சியை அம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எங்கள் ஜனம் காலை எட்டு மணிக்குக் காசில்லாமல் செய்துகொண்டிருந்தது. அரக்கோணம் ஃபாஸ்ட் முதலில் வருமா, ஆவடி லோக்கல் முதலில் வருமா, ஃபாஸ்ட்டில் நிற்க இடமிருக்குமா, லோக்கலில் உட்கார்ந்து போனால் பஞ்சிங் தப்புமா? புத்தி முழுசாகப் பதிந்துதான் இருந்தது. இங்கிலீஷ் மட்டும் இறங்கவில்லை.

முறைகள் எத்தனை வந்தாலும் கரும்பலகையின் அந்த மூன்று கட்டம் சாகவில்லை. என் பிள்ளைகள் படித்த காலத்திலும் டியூஷனில் அதே ‘நோ அதர்’, அதே ‘ஆஸ் – ஆஸ்’. ராமா மட்டும் சில சமயம் ராஜு ஆனான். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷுக்கு இரண்டு தாள் என்பது ஊர் அறிந்த சங்கதி. 2019இல் அரசாங்கம் அதை ஒரே தாளாக்கியது. அந்த ஒற்றைத் தாளை முதல்முதலாக எழுதவேண்டிய 2020 செட்டுக்குக் கொரோனா வந்து பரீட்சையே ரத்தாயிற்று, எல்லோரும் பாஸ். அடுத்த வருஷமும் அப்படியே. பிள்ளைகள் நிஜமாக உட்கார்ந்து அதை எழுதியது 2022இல்தான். நடுவில் இரண்டு வருஷம் தமிழ்நாட்டில் டாலரும் இல்லை, டாலஸ்ட்டும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஆஸ் டால் ஆஸ் ராமா.

சூப்பர்லேட்டிவுக்கு வருவோம். அதில் எங்கள் பக்கத்தை அடிக்க ஆளில்லை. ‘அம்பத்தூர் எஸ்டேட், ஆசியாவிலேயே பெரிசு’ என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவன் நான். 1960களில் அரசாங்கம் ஏற்படுத்திய சிறுதொழிற்பேட்டை, நிஜமாகவே பெரிசுதான். லேத்து, பிரஸ் ஷாப், பிளேட்டிங், ஃபவுண்டரி, ஜாப் ஒர்க் என்று ஒரு கார் கழன்று கிடந்தால் திரும்ப மாட்டுவதற்கு வேண்டிய அத்தனையும் அங்கே கிடைத்தது. எங்கள் சார் நியாயஸ்தர். ஒருநாள் ‘தி பிக்கெஸ்ட்’ என்று எழுதிவிட்டு, கொஞ்சம் நின்று, ‘ஒன் ஆஃப் தி பிக்கெஸ்ட்’ என்று திருத்தினார். ‘ஒன் ஆஃப் தி’ வந்தால் இடது பக்கத்தில் ‘நோ அதர்’ வராது, ‘வெரி ஃப்யூ’ வரும். எங்களுக்கெல்லாம் ஏதோ ஊரையே ஒரு படி இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. பின்னால் 2002இல் கோயம்பேடு பஸ் நிலையம் திறந்தார்கள். அதுவும் ஆசியாவிலேயே பெரிசு. 2023 கடைசியில் வெளியூர் பஸ்களுக்காகக் கிளாம்பாக்கம் திறந்ததும் கோயம்பேட்டின் சூப்பர்லேட்டிவும் அந்தப் பக்கம் பஸ் ஏறிவிட்டது. ஆசியாக் கண்டத்தின் மிச்சப் பகுதிகளுக்கு இந்த விவரமெல்லாம் தெரியுமா என்று நான் விசாரிக்கவில்லை.

டிகிரி என்பது ஊருக்கும் உண்டு. தமிழ்நாட்டில் நகராட்சிகளை வருமானத்தை வைத்து இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று தரம் பிரிப்பார்கள். அதற்கும் மேலே போனால் மாநகராட்சி, சூப்பர்லேட்டிவ். அம்பத்தூர் டவுன்ஷிப்பாக இருந்தது, நகராட்சியானது, 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து அதன் ஏழாவது மண்டலமானது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியே ஆகிவிட்டது, 2022 முதல் அதற்குத் தனிப் போலீஸ் கமிஷனரும் உண்டு. ஒவ்வொரு படி ஏறும்போதும் மாலை, மேளம், புது போர்டு, புது வரி. என் தெருவில் முதல் மழைக்கு முழங்கால் தண்ணி நிற்பது டவுன்ஷிப் காலத்திலும் உண்டு, நகராட்சி காலத்திலும் உண்டு, மண்டலம் ஏழிலும் உண்டு. சார் சொன்னதுதான், டிரான்ஸ்ஃபர்மேஷனில் அர்த்தம் மாறக்கூடாது.

ஆவடிக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டில்தான் ‘சோஷலிச மாதிரியான சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டார்கள். நேரு இருந்தார், தலைமை தேபர். சோஷலிசம் என்று நேராகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சோஷலிசம் ‘மாதிரி’. ஒப்பீட்டில் இவ்வளவு ஜாக்கிரதையாகக் கால் வைத்தவர்களை நான் பார்த்ததில்லை, எங்கள் பர்ச்சேஸ் மேனேஜரைத் தவிர.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படிப்பு முடிந்ததும் நான் வேலைக்குச் சேர்ந்தது எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் செக்‌ஷனில். பேர் வேண்டாம், இப்போது இல்லாத கம்பெனி. அங்கே என் உத்தியோகமே ‘கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட்’ போடுவது. நட்டு, போல்ட்டு, கட்டிங் ஆயில், காட்டன் வேஸ்ட் எதுவானாலும் மூன்று கொட்டேஷன் வாங்கவேண்டும். அகலமான தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ரேட், சேல்ஸ் டாக்ஸ், ஃபிரைட், டெலிவரி, பேமென்ட் டேர்ம்ஸ் என்று நிரப்பி, அடியில் யார் எல் ஒன், யார் எல் டூ, யார் எல் த்ரீ என்று எழுதவேண்டும். எல் என்றால் லோயஸ்ட். நான் படித்த சூப்பர்லேட்டிவ் எனக்குச் சோறு போட்டது இந்த ஒரு எழுத்தில்தான்.

மூன்று கொட்டேஷனும் மூன்று லெட்டர்ஹெட்டில் வரும். ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்றில் பிள்ளையார் படம். மூன்றிலும் இங்கிலீஷ் ‘ஈ’ எழுத்தின் வயிற்றில் மட்டும் மசி அடைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளியாக விழுந்திருக்கும். மூன்று கம்பெனிக்கும் டைப்ரைட்டர் ஒன்றே. அந்த டைப்ரைட்டரைத் துடைக்க மறந்தவரும் ஒருவரே. நான் மூன்று தாளையும் மேனேஜர் முன்னால் வரிசையாக வைத்து அந்தப் புள்ளிகளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பவும் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

‘மூணு இருக்கில்ல?’

‘இருக்கு சார். ஆனா மூணும்…’

‘மூணு கேட்டாங்க, மூணு வெச்சிட்டோம். ஆடிட்டர் ரேட்டைத்தான்பா பாப்பான், ஈ-யையா பாப்பான்? ஃபைல் பண்ணு.’

நோ அதர் சப்ளையர் இஸ் ஆஸ் சீப் ஆஸ் ஹிம். ஹி இஸ் சீப்பர் தேன் எனி அதர் சப்ளையர். ஹி இஸ் தி சீப்பெஸ்ட். மூன்று வாக்கியம், ஒரே ஆள். இதைவிடச் சுத்தமான டிரான்ஸ்ஃபர்மேஷனை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்க்கவில்லை.

ஒப்பீடு இப்படி வயிற்றுப்பாட்டுக்கு வந்தது. ‘யூஸ்டு டு’ வந்த கதை வேறு. அது எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சரியாக நடத்தப்படவே இல்லை. 1980களில் கபில்தேவ் படம் போட்ட விளம்பரத்தோடு ராபிடெக்ஸ் புத்தகம் வந்தது. டிரெய்னில் ஆளுக்கு ஆள் அதை நியூஸ்பேப்பருக்குள் மறைத்து வைத்துப் படித்தார்கள். பிறகு பேக்கரி மாடி, மெடிக்கல் ஷாப் மாடி என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் முளைத்தன. அங்கேதான் ‘யூஸ்டு டு’வை ஜனம் கண்டுபிடித்தது, கண்டுபிடித்ததும் விடவில்லை. ‘ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்.’ ‘ஐ யூஸ்டு டு கோ டு டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே.’ கேட்க என்னவோ பக்குவமாக இருக்கும். சங்கடம் என்னவென்றால், சொல்கிறவர் இன்றைக்குக் காலையிலும் ஐந்து மணிக்குத்தான் எழுந்தார், வருகிற வெள்ளிக்கிழமையும் திருவேற்காட்டுக்குத்தான் போகப்போகிறார். இங்கிலீஷ்காரன் காதுக்கோ அதெல்லாம் என்றைக்கோ நின்றுபோன பழக்கம்.

எங்கள் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பையனிடம் எங்கள் எம்.டி. கேட்டார், லீவு நாளில் என்ன செய்வாய் என்று. ‘சார், ஐ யூஸ்டு டு ஹெல்ப் மை மதர்.’ எம்.டி. விலாயத்தில் படித்தவர். முகத்தில் ஒரு துக்கம் வரவழைத்துக்கொண்டு, ‘ஓ… வாட் ஹேப்பன்ட் டு ஹர்?’ என்றார். பையன் ஆடிப்போய்விட்டான். அவன் அம்மா கேட்டுக்கு வெளியே டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

இதற்காக யாரையும் கேலி செய்ய எனக்கு மனசில்லை. நம் பேச்சில் ‘போவேன்’ என்றால் நேற்றைய வழக்கம், இன்றைய வழக்கம், நாளைய உத்தேசம் மூன்றும் அடக்கம். ‘அப்பல்லாம் ஏரியில குளிப்போம்’ என்று பழங்கதையை எதிர்கால விகுதி போட்டுத்தான் சொல்கிறோம், யாருக்கும் குழப்பம் வருவதில்லை. இங்கிலீஷ்காரனும் அப்படி ஒன்றும் ஒழுங்கானவன் இல்லை. சில நூற்றாண்டுகளுக்கு முன் அவனும் ‘யூஸ் டு’ என்று நிகழ்காலப் பழக்கத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். நடுவில் அதைக் கைவிட்டு, இறந்தகாலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டான். ஆக, நம் பையன் சொன்னது தப்பு என்பதைவிட, கொஞ்சம் லேட் என்பதே சரி. ‘மோர் பெட்டர்’ கதையும் இதேதான். ஷேக்ஸ்பியர் ஜூலியஸ் சீசரில் இரட்டை சூப்பர்லேட்டிவ் போட்டே எழுதியிருக்கிறார். அவருக்குக் கைத்தட்டல், எங்களுக்குச் சிவப்பு மை.

இப்போது எஸ்டேட் வேறு. அப்பா லேத் ஓட்டிய பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடம். ஷிப்ட் உண்டு, சங்கு இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு கேப் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். டன்லப் டயர் தொழிற்சாலை மூடி எத்தனையோ காலமாயிற்று, பஸ் ஸ்டாப் மட்டும் டன்லப்தான். ஆவடி டாங்க் ஃபேக்டரியும் 2021இல் கம்பெனியாகிவிட்டது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கை வெளியே ஓட்டிக் காட்டிய இடம். பட்டாபிராமில் 2024 முதல் 21 மாடியில் டைடல் பார்க் நிற்கிறது. பூந்தமல்லிக்கு மெட்ரோ தூண் வந்துவிட்டது. எங்களுக்கும் கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரைக்கும் திட்ட அறிக்கை போட்டிருக்கிறார்கள். அறிக்கை வரைக்கும் பூந்தமல்லிக்கு நாங்கள் சமம், ஆஸ் – ஆஸ் போடலாம். தூணில்தான் அவர்கள் கம்பேரிட்டிவ்.

எங்கள் மாடியில் குடியிருக்கிறவர்களின் பெண் அந்தக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில்தான் வேலை பார்த்தாள். வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்க ஐ.இ.எல்.டி.எஸ். எழுதவேண்டும். அதில் பேச்சுத் தேர்வு ஒன்று உண்டு, மொத்தம் 11 முதல் 14 நிமிஷம். நடுவில் ஒரு கார்டு நீட்டுவார்கள். ஒரு நிமிஷம் யோசித்து இரண்டு நிமிஷம் வரைக்கும் விடாமல் பேசவேண்டும். ‘நீங்கள் சிறுவயதில் பார்த்து, இப்போது மாறிப்போன ஓர் இடம்’ என்கிற ரகத் தலைப்புக்கு கோச்சிங் சென்டரில் தனியாகத் தயார் செய்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு. அவளுக்குத் தெரிந்து மாறிப்போன இடம் என்றால் ஒரு மோமோ கடை ஷவர்மா கடையானதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு கீழே இறங்கி வந்தாள்.

‘அங்கிள், உங்க சின்ன வயசுல அம்பத்தூர்ல என்னல்லாம் இருந்துச்சு? ஒரு நாலு பாயிண்ட் குடுங்க. ரெண்டு நிமிஷத்துக்கு வரணும்.’

‘ஏரி இருந்துச்சும்மா.’

‘ஏரி இப்பவும் இருக்கே அங்கிள், நான் டெய்லி தாண்டித்தான் போறேன்.’

‘இருக்கு. ஆனா அப்ப இப்ப இருக்கிற மாதிரி இல்ல. நெல்லு போட்டு, அந்தத் தண்ணியில…’

‘ஓகே ஓகே. தி லேக் யூஸ்டு டு பி பிக்கர். சூப்பர் அங்கிள், ஒரே சென்டன்ஸ்ல கம்பேரிட்டிவும் வந்துடுச்சு, யூஸ்டு டு-வும் வந்துடுச்சு. கிராமர் ரேஞ்சுக்கு மார்க்.’

அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான் இத்தனை வருஷமாக டீக்கடையில் நீட்டி முழக்கிக்கொண்டிருந்த சங்கதி ஆறே சொல்லில் முடிந்து, மேலே ஒரு டிக்கும் விழுந்திருந்தது.

‘அப்புறம் அங்கிள்?’

‘காலையில சங்கு ஊதும். அத வெச்சுதான் ஊரே எழுந்திருக்கும்.’

‘சங்கா? டெம்பிள்லயா?’

‘கம்பெனியிலம்மா. சைரன்.’

‘ஓ. அது ரிப்பீட்டட் ஆக்‌ஷன், வுட் போடலாம். தி சைரன் வுட் ப்ளோ எவ்ரி மார்னிங். ஏரிக்கு வுட் போடக்கூடாது அங்கிள், அது ஸ்டேட். ஏரி சும்மா இருக்குதில்ல.’

எங்கள் ஏரி சும்மாதான் இருந்தது. சுற்றி இருந்தவர்கள்தான் சும்மா இருக்கவில்லை. இதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அவள் அடுத்த பாயிண்டுக்குப் போய்விட்டாள். ராக்கி தியேட்டர் சொன்னேன், தரை டிக்கெட் சொன்னேன், ஷிப்ட் முடிந்ததும் கேட்டைத் திறந்தால் ரோடு கொள்ளாமல் வரும் சைக்கிள்களைச் சொன்னேன். எல்லாவற்றையும் வுட், யூஸ்டு டு என்று இரண்டு கலர் பேனாவில் பிரித்துக்கொண்டாள். கடைசியில், ‘ஃபீலிங்ஸ்க்கு ஒரு லைன் வேணும் அங்கிள். மிஸ் பண்றீங்களா, இல்ல இப்பதான் பெட்டரா?’ என்று கேட்டாள். கொசு அப்போதும் உண்டு, தண்ணிக் கஷ்டம் அப்போதும் உண்டு, கரண்ட்டு இப்போது தேவலை, ரோடு அப்போது தேவலை என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். ‘ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க அங்கிள், மிக்ஸ்டா சொன்னா ஃப்ளூயன்ஸி போயிடும்’ என்றாள். மிஸ் பண்ணுவதாக ஒப்புக்கொண்டேன். செல்போனில் டைமர் வைத்து, என் பால்யத்தை மூச்சுவிடாமல் இங்கிலீஷில் ஒப்பித்தாள். நேரம் கொஞ்சம் மிஞ்சியது, தியேட்டரை இன்னொரு தரம் சேர்த்துக்கொண்டாள்.

பரீட்சையில் அவளுக்கு வந்த கார்டு வேறு, தினமும் பயன்படுத்தும் செல்போன் ஆப் ஒன்றைப் பற்றி. என் ஏரி, என் சங்கு எதுவும் தேவைப்படவில்லை. கேட்ட பேண்ட் கிடைத்தது, விசாவும் வந்தது, போயும்விட்டாள். அந்த நோட்டு எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது. அம்பத்தூரைப் பற்றி இதைவிடச் சுருக்கமான சரித்திரம் எழுதப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். வெரி ஃப்யூ என்று திருத்த நான் தயாரில்லை, நோ அதர்.

இங்கிலீஷில் இன்டர்வியூவுக்குப் போகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிற காரியத்துக்கு ‘யூஸ்டு டு’ போடாதீர்கள், சாதாரண நிகழ்காலம் போதும். ஐ கெட் அப் அட் ஃபைவ், ஐ ஹெல்ப் மை மதர், ஐ லிவ் இன் அம்பத்தூர். ‘ஐ யூஸ்டு டு லிவ் இன் அம்பத்தூர்’ என்று சொல்ல விசா வந்த பிறகு வேண்டிய நேரம் இருக்கிறது.